ஒரு மாணவரின் படம் முடிந்த கதை

இங்கிலாந்தின் தேசிய திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் அனிமேஷன் பயின்றுகொண்டிருந்த நிக் பார்க் என்ற மாணவர், 1982 ஆம் ஆண்டில் தமது படிப்பின் நிறைவுப் படத்தைத் தொடங்கினார். வீட்டில் சீஸ் தீர்ந்துபோகிறது. நிலா முழுவதும் சீஸால் ஆனது என்று சொல்வார்களே என்ற நினைப்பில், தாமே கட்டிய ரொக்கட்டில் ஏறி நிலாவுக்குப் போகிறார் ஒரு மனிதர். கூடவே அவருடைய நாயும் போகிறது. கதை இவ்வளவுதான். ஏறத்தாழ 23 நிமிடங்கள் ஓடும் அந்தப் படத்தை முடிக்க அவருக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. 1989 ஆம் ஆண்டில் படம் நிறைவுற்றபோது அவர் மாணவராக இருக்கவில்லை. பிரிஸ்டல் நகரிலுள்ள ஆர்ட்மன் கலையகத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்ட ஒரு தொழிற்கலைஞராக இருந்தார்.

'எ கிராண்ட் டே அவுட்' என்ற அந்தப் படத்தை உலகம் இன்று வொலஸ், குரோமிட் என்ற இரு பாத்திரங்களின் முதற்படமாக அறியும். அதைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் எனக்கு வந்த ஒரு மின்னஞ்சல். என் நண்பரொருவரின் மகள் கனடாவில் அனிமேஷன் பயில்கிறாள். வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து செய்யும் கூட்டுப்படம் ஒன்றில் பின்னணிகளை வடிவமைக்கும் பொறுப்பு அவளுடையது. அதற்குப் புறம்பாகத் தனது அம்மம்மாவைப் பற்றித் தனியாக ஒரு குறும்படமும் செய்கிறாள். கூட்டுப்படம் அவளுடைய நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ள, சொந்தப்படம் பாதியில் கிடக்கிறது. அதைக் கைவிடும் எண்ணத்தில் இருந்தாள். "மாமா, நீங்கள் பேப்பரில் வேலை செய்துகொண்டுதானே உங்களுடைய எழுத்தையும் எழுதினீர்கள்? உங்களுக்கு இது எப்படிச் சரிவந்தது?" என்று கேட்டிருந்தாள்.

அனிமேஷனைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பார்வையாளன் என்ற வகையிலும், கலைச் செய்திகளை எழுதியவன் என்ற வகையிலும் அறிந்தவையே. ஆனால், அவளுடைய கேள்வி அனிமேஷனுக்கு மட்டும் உரியதன்று. பலரோடு சேர்ந்து வேலை செய்து பிழைக்கும் எல்லோருக்கும், தமக்கென்று ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தால், இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். அதனாற்றான் நிக் பார்க்கின் ஏழு ஆண்டுகளை ஒருமுறை நிதானமாகத் திரும்பிப் பார்த்தேன்.

முதலில் அந்த வேலையின் அளவை விளங்கிக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 படங்கள் தேவை. ஒரு நிமிடத்துக்கு 1,440. களிமண் பொம்மையை வைத்துச் செய்யும் படத்தில், பொம்மையை மயிரிழை அளவு அசைத்து, கையை எடுத்து, கமராவில் ஒரு படம் பிடித்து, மீண்டும் அசைக்க வேண்டும். ஒவ்வோர் அசைவையும் இரண்டு முறை படமாக்கிச் சிக்கனம் செய்தாலும், ஒரு நிமிடத்துக்கு 720 தடவை பொம்மையைத் தொட வேண்டும். ஓவியத்தில் பிழைத்த கோட்டை அழிக்கலாம். இங்கே அசைவு பிழைத்தால் அந்தக் காட்சியைத் தொடக்கத்திலிருந்து எடுப்பதைத் தவிர அந்நாளில் வேறு வழியில்லை. விளக்குகளின் சூட்டில் பொம்மை இளகும். தொடும் விரலின் ரேகை அதில் பதியும்.

நிக் பார்க் 1958 இல் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பிரஸ்டன் நகரில் பிறந்தவர். பதின்மூன்று வயதளவில், வீட்டிலிருந்த சிறிய கமராவைக் கொண்டு, வீட்டின் மேல்மாடத்தில் தனியாகப் படங்கள் எடுக்கத் தொடங்கினார். அப்படி எடுத்த ஒன்று 1975 இல் பிபிசி தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. பின்னர் ஷெபீல்டில் கலை பயின்று, 1980 இல் பீக்கன்ஸ்பீல்டிலுள்ள திரைப்படப் பள்ளிக்குச் சென்றார். ஆகவே அவர் இயல்பில் தனியாக வேலை செய்து பழகியவர். எழுதுவது, வரைவது, பொம்மை செய்வது, அரங்கம் அமைப்பது, அசைப்பது, படம் பிடிப்பது எல்லாவற்றையும் ஒருவரே செய்யலாம் என்று நம்பிய ஒரு மாணவர். நிறைவுப் படத்துக்காகப் பிளாஸ்டிசீன் தயாரிக்கும் ஹார்பட் நிறுவனத்துக்கு எழுதி ஒரு தொன் பிளாஸ்டிசீன் கேட்டார் என்பார்கள். வந்த நிறங்களில் ஒன்றுக்குக் 'கல்' என்று பெயர். குரோமிட் என்ற நாயின் நிறம் அதுதான்.

மாணவரின் வரைவேட்டில் குரோமிட் முதலில் ஒரு பூனை. களிமண்ணில் பூனையைவிட நாயைச் செய்வது இலகு என்று கண்டதும் அது நாயாயிற்று. வொலஸின் பெயர் அப்போது ஜெரி. மின்னிணைப்பாளராக இருந்த சகோதரர் வயர்களைப் பாதுகாக்கும் இறப்பர் வளையங்களைப் பற்றிப் பேசும்போது சொன்ன 'குரொமெட்' என்ற சொல் காதில் இனித்ததால் நாய்க்கு அந்தப் பெயர் வந்தது. எதையும் தாமே செய்து பார்க்கும் கண்டுபிடிப்பாளரின் குணத்தைத் தம் தந்தையிடமிருந்து எடுத்தார். தனியாகச் செய்யும் படம் என்று நாம் சொல்வதிலும் இப்படி வீட்டார் எல்லோரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

படத்தில் பேசுபவர் ஒருவரே. அந்தக் குரலுக்காக, பிபிசியின் நகைச்சுவைத் தொடரொன்றின் மூலம் நாடறிந்தவராக இருந்த பீட்டர் சலிஸ் என்ற நடிகருக்கு மாணவர் எழுதினார். ஊதியம் கொடுக்கப் பணமில்லை; அவர் விரும்பும் தொண்டு நிறுவனத்துக்கு 50 பவுண் தருவதாக ஒப்புக்கொண்டார். சலிஸ் வந்து பேசிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு ஆண்டுகள் கழித்துப் படம் முடிந்துவிட்டது என்று தொலைபேசியில் அழைப்பு வந்தபோது, அவர் அந்த விடயத்தை மறந்தே போயிருந்தார்.

அந்த ஒலிப்பதிவு படத்துக்கு ஒரு குரலைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒரு முகத்தையும் கொடுத்தது. அதுவரை வொலஸின் முகம் இன்று நாம் அறிந்த முகமாக இருக்கவில்லை. 'சீஸ்' என்ற சொல்லைச் சலிஸ் இழுத்து உச்சரித்த விதத்தைக் கேட்ட மாணவர், இந்த ஒலி வெளிவர வேண்டுமானால் வாய் பக்கவாட்டில் அகன்று திறக்க வேண்டும் என்று கண்டார். கன்னங்கள் புடைத்து, பற்கள் தெரிய, ஒரு காதிலிருந்து மறு காது வரை நீளும் அந்த வாய் இப்படித்தான் பிறந்தது. வடிவமைப்பாளர் தனியே இருந்து வரைந்து கண்டதன்று. இன்னொருவருடைய தொண்டையிலிருந்து வந்தது.

நாயின் கதை இதற்கு நேர்மாறானது. குரோமிட்டும் பேசுவதாகவே முதலில் திட்டம். அதற்குக் குரற்பதிவும் நடந்தது. ஆனால், ரொக்கட் கட்டும் காட்சியில், வொலஸ் ஒரு கதவை வாளால் அறுக்க, அதன் அடியில் நாய் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். அந்த நிலையில் பொம்மையின் வாயையோ கால்களையோ அசைக்கக் கை எட்டவில்லை. எட்டியது நெற்றிப் புருவம் மட்டுமே. சரி, அதையாவது அசைப்போம் என்று அசைத்தார். அலுப்பு, பொறுமை, எசமானின் மூளை பற்றிய சந்தேகம் எல்லாம் அந்தப் புருவத்தில் வந்துவிட்டன. அதன்பிறகு குரோமிட்டுக்கு வாயே தேவைப்படவில்லை. இன்றுவரை அந்த நாய்க்கு வாய் கிடையாது. பேசும் நாய்கள் திரையில் ஏராளம் உண்டு; பேசாத இந்த நாயைத்தான் சனங்கள் மறக்கவில்லை. கையெட்டாத ஓர் இடத்தில் மாணவர் கண்டுபிடித்தது அது.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால், படம் நகரவில்லை. ஆண்டுகள் கழிந்தன, பள்ளியில் இருக்கும் காலம் முடிந்துகொண்டு வந்தது. திரைக்கதையோ 40 நிமிடப் படத்துக்கு உரியது. நிலாவில் வேற்றுலகவாசிகள் கூட்டமாக இருப்பார்கள். அங்கே ஒரு துரித உணவகம் இருக்கும். வொலஸைப் பிடித்துச் சிறையில் போடுவார்கள். குரோமிட் மீட்டு வரும். 'ஸ்டார் வோர்ஸ்' படத்தை நையாண்டி செய்யும் நோக்கமும் இருந்தது. ஒரு மாணவரின் மேசையில் இத்தனையும் இருந்தன.

இந்த இடத்தில்தான் பீட்டர் லோர்ட், டேவிட் ஸ்பிரொக்ஸ்டன் ஆகியோர் வருகிறார்கள். பள்ளிக்கூட நண்பர்களான இவர்கள் இருவரும் 1972 இல் ஆர்ட்மன் கலையகத்தைத் தொடங்கியவர்கள். 1977 முதல் பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியில் வந்த மோர்ப் என்ற களிமண் பாத்திரத்தின் மூலம் அறியப்பட்டவர்கள். திரைப்படப் பள்ளிக்கு விரிவுரை செய்ய வந்தபோது நிக் பார்க்கின் வேலையைப் பார்த்தார்கள். பிரிஸ்டலுக்கு வந்து எங்களுடைய வேலைகளில் சேர்ந்துகொள், உன் படத்தையும் இங்கேயே முடிக்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். 1985 இல் அவர் ஆர்ட்மனில் சேர்ந்தார்.

அங்கே பகலெல்லாம் மற்றவர்களுடைய வேலை. பீட்டர் கேப்ரியல் பாடிய 'ஸ்லெட்ஜ்ஹம்மர்' பாடலுக்கான புகழ்பெற்ற ஒளிப்படம் 1986 இல் வெளிவந்தது. அதில் தலையில்லாத இரண்டு உரித்த கோழிகள் நடனமாடும் காட்சி ஒன்று உண்டு. அந்தக் கோழிகளை ஆட்டுவித்தவர் நிக் பார்க். பாடல் இன்னொருவருடையது, இயக்கம் வேறொருவருடையது, கோழி சந்தையில் வாங்கியது. ஆனால், அதற்கு நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. குறித்த நாளில் முடிக்க வேண்டும். மாணவர் மேசையில் இல்லாத பொருள் அது ஒன்றுதான்.

தமது படத்தின் நிலாக் காட்சிகளைத் தொடங்கியிருந்த நிலையில், ஆர்ட்மனில் இருந்த ஒருவர் கணக்குப் பார்த்துச் சொன்னாராம்: இந்தக் காட்சிகளையெல்லாம் எடுப்பதானால் இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆகும். நிக் பார்க் இதைப் பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார். உணவகம் போயிற்று, சிறை போயிற்று, வேற்றுலகவாசிகள் போனார்கள். திட்டமிட்டிருந்த நிலாவாசிகளில் ஒன்றே ஒன்று எஞ்சியது: காசு போட்டால் இயங்கும் ஒரு சமையலடுப்பு இயந்திரம். 40 நிமிடம் 23 நிமிடமாயிற்று. படம் முடிந்தது.

பத்திரிகை அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்தப் பகுதி மிக நெருக்கமானது. பத்திரிகை என்பது முழுக்க முழுக்கக் கூட்டுவேலை. நான் எழுதியதைச் செய்தி ஆசிரியர் சுருக்குவார். உதவியாசிரியர் தலைப்பை மாற்றுவார். ஒப்புநோக்குபவர் என் சொல்லொன்றைத் திருத்துவார். பக்கத்தில் இடமில்லை என்று கடைசிப் பந்தி அச்சுக்குப் போகும் நேரத்தில் வெட்டப்படும். இளம் வயதில் அது எனக்குச் சினத்தைத் தந்தது. இரவில் வீட்டில் எழுதிய எழுத்தில் எவருடைய கையும் படக்கூடாது என்று வைராக்கியமாக இருந்த காலமும் உண்டு. ஆனால், எதை எடுத்துவிட்டாலும் கட்டுரை நிற்கும், எதை எடுத்தால் விழுந்துவிடும் என்ற அறிவு எனக்குக் கிடைத்தது அந்த அலுவலக மேசையில்தான். அந்த அறிவு இல்லாதிருந்தால் என் சொந்த எழுத்துகளில் பாதி, தொடங்கிய நிலையிலேயே கிடந்திருக்கும்.

நிக் பார்க்கின் விடயத்தில் கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடந்தது. ஆர்ட்மனுக்கு அவருக்கு முன்பிருந்தே ஒரு மரபு உண்டு. சாதாரண மனிதர்களின் உண்மையான பேச்சை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பேச்சுக்கு ஏற்பக் களிமண் பாத்திரங்களை நடிக்க வைப்பது. வீடற்றோர் விடுதியொன்றில் பதிவான உரையாடலை வைத்து லோர்ட்டும் ஸ்பிரொக்ஸ்டனும் 1970 களிலேயே ஒரு குறும்படம் செய்திருந்தார்கள். அது ஒரு செய்தியாளனின் முறைதான். கருவி மட்டுமே வேறு. சனல் 4 தொலைக்காட்சிக்காக இந்த வரிசையில் ஒரு படம் செய்யும் முறை நிக் பார்க்குக்கு வந்தபோது, மனிதர்கள் தாம் வாழும் இடங்களைப் பற்றிச் சொன்னவற்றை எடுத்து, மிருகக்காட்சிச்சாலையின் கூண்டிலிருக்கும் விலங்குகளின் வாயில் வைத்தார். வெப்பநாடொன்றிலிருந்து வந்த மாணவர் இங்கிலாந்தின் குளிரையும் இடநெருக்கடியையும் உணவையும் பற்றி முறையிடுகிறார். திரையில் முறையிடுவது கூண்டிலிருக்கும் ஒரு காட்டுமிருகம். 'கிரியேச்சர் கம்பர்ட்ஸ்' என்ற அந்த ஐந்து நிமிடப் படத்தின் முறை கலையகத்துடையது, சிரிப்பு அவருடையது. சிரித்து முடித்தபின் மனதில் தங்கும் துயரத்தை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டு படங்களும் 1989 இல் நிறைவுற்றன. 1991 ஆம் ஆண்டின் ஒஸ்கார் விழாவில் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான பிரிவில் இரண்டும் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. ஏழு ஆண்டுகள் எடுத்த சொந்தப்படம் தோற்றது. கலையகத்தின் வரிசையில் ஒன்றாகச் செய்த படம் வென்றது. தோற்றவரும் வென்றவரும் ஒருவரே.

இதைக் கொண்டு, பலரோடு சேர்ந்தால் எல்லாம் நன்றாக முடியும் என்று சொல்லிவிட முடியாது. ரொறன்ரோவில் பிறந்து லண்டனில் கலையகம் நடத்திய ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்ற மேதையின் கதை வேறுவிதமானது. 'த தீஃப் அண்ட் த கொப்ளர்' என்ற தமது கனவுப்படத்தை அவர் 1964 இல் தொடங்கினார். விளம்பரப் படங்களும் பிறருக்கான வேலைகளும் செய்து, அந்த வருமானத்தை அதில் போட்டார். 1988 இல் வெளிவந்த 'ஹூ ஃப்ரேம்ட் ரொஜர் ரபிட்' படத்தின் அனிமேஷன் இயக்குநர் என்ற முறையில் ஒஸ்கார் பெற்றார். அந்தப் புகழால் கனவுப்படத்துக்கு நிதியும் கிடைத்தது. ஆனால், செய்தவற்றையே இன்னும் நேர்த்தியாக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் செய்தார். காலக்கெடு கடந்தது. இன்னும் சிறிதளவே எஞ்சியிருந்த நிலையில், 1992 இல் படம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. வேறு ஆட்கள் அதை வெட்டி, பாடல்களைச் சேர்த்து வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு உழைப்பு இப்படி முடிந்தது.

இருவரும் வாழ்ந்த முறை ஒன்றுதான்: பகலில் பிறருக்கு, மிகுதி நேரத்தில் தமக்கு. இருவரும் பிடிவாதக்காரர்கள். கைத்திறனில் வில்லியம்ஸ் எவருக்கும் குறைந்தவரல்லர். அவர் எழுதிய பாடநூலை இன்றும் அனிமேஷன் மாணவர்கள் வேதம்போல் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிகிற வேறுபாடு ஒன்று. ஒன்பது ஆண்டுகள் ஆகும் என்று ஒருவர் சொன்னபோது நிக் பார்க் அதைக் கேட்டார். கலையகத்தின் முதலாளியான வில்லியம்ஸுக்கு அப்படிச் சொல்லி நிறுத்தக்கூடிய சக தொழிலாளி அருகில் இருக்கவில்லை. கடைசியில் சொன்னவர்கள் பணம் போட்டவர்களின் சார்பில் வந்தார்கள். ஆயினும் வில்லியம்ஸை வீழ்ந்தவராகக் கொள்வது நியாயமன்று. 2015 இல், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், 'புரொலோக்' என்ற ஆறு நிமிடப் படத்தைத் தம் கையாலேயே வரைந்து முடித்தார். அதுவும் ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2019 இல் மறைந்தார்.

ஆகவே, நண்பரின் மகளுக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. எதையும் விடாதே; ஆனால், அம்மம்மாவைப் பற்றிய படத்தை இப்போதுள்ள நீளத்தில் வைத்திராதே. அதைக் கூட்டுப்படத்து நண்பர்களில் உன்னோடு அதிகம் முரண்படுகிறவரிடம் காட்டு. எதை எடுத்தால் படம் விழும் என்று அவரிடம் கேள். அவர் சுட்டுவது எதுவோ, அதை மட்டும் வைத்துக்கொண்டு முடி. கூட்டுப்படத்தில் நாள் குறித்து வேலை செய்கிறாய் அல்லவா, அதே தாளில் உன் படத்துக்கும் ஒரு நாளைக் குறி. இவை புதிய அறிவுரைகள் அல்ல. எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் ஒரு நல்ல செய்தி ஆசிரியர் சொல்லக்கூடியவைதான்.

சொந்தப்படம் என்று தொடங்கியது, முடிந்தபின் சொந்தமாக நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1993 இல் வந்த 'த ரோங் ட்ரவுசர்ஸ்' படத்திலேயே வொலஸையும் குரோமிட்டையும் சூழ வேறு கைகள் சேர்ந்துவிட்டன. பேசாத அந்தக் களவாணிப் பென்குவினை அசைத்தவர் ஸ்டீவ் பொக்ஸ். இசையமைத்தவர் ஜூலியன் நொட். திரைப்படப் பள்ளியில் கூடப் படித்தவர், முதற்படத்துக்கும் இசை அவருடையதே. 2005 இல் முழுநீளப் படம் வந்தபோது பல அனிமேட்டர்கள் ஒரே வேளையில் தனித்தனி அரங்குகளில் வொலஸை அசைத்தார்கள். சலிஸ் 2017 இல் தமது 96 ஆவது வயதில் காலமானார். 2024 நத்தார் தினத்தன்று பிபிசியில் வெளியான படத்தில் வொலஸுக்குக் குரல் கொடுத்தவர் பென் வைட்ஹெட். குரல் மாறியும் வாய் மாறவில்லை. 'சீஸ்' என்ற ஒரு சொல்லுக்காக அகன்ற வாய் அது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பொம்மைகளின் முகத்தில் விரல் ரேகைகள் தெரியும். கணினியில் எல்லாவற்றையும் மழுமழுவென்று செய்யக்கூடிய இக்காலத்திலும் அவற்றை முற்றாக அழித்துவிடுவதில்லை. யாருடைய ரேகை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு மனிதர் தொட்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

முதற்படத்தை இன்னும் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். பார்க்கும்போது, வெட்டிலிருந்து தப்பிய அந்தச் சமையலடுப்பு இயந்திரத்தைக் கவனியுங்கள். வொலஸ் விட்டுச்சென்ற சஞ்சிகையில் பனிச்சறுக்கு விளையாட்டின் படத்தைக் கண்டு, தானும் பூமிக்கு வந்து சறுக்க வேண்டும் என்று அது ஆசைப்படுகிறது. ரொக்கட்டில் ஏற முயன்று, ஏற முடியாமல், பெயர்ந்த தகடுகளோடு நிலாவிலேயே நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து, அந்தத் தகடுகளை வளைத்துச் சறுக்குப் பலகைகளாக்கி, நிலாவின் மேடுகளில் தன்பாட்டில் சறுக்கத் தொடங்குகிறது. பூமிக்குத் திரும்பும் இருவருக்கும் அங்கிருந்தபடியே கையசைக்கிறது.